அட்டை மரங்கள் நின்ற மலைப்பாதை

எங்கள் கடையில் பழைய ஏலக்காயைப் புதுக் காயோடு கலக்க மாட்டோம். போன வருஷத்துக் காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிறம் வெளுத்திருக்கும். ஒரு பிடி கலந்தால் போதும், மூட்டை முழுவதும் தரம் இறங்கிவிடும். போடியில் பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடையில் உட்கார்ந்து காய் பார்த்தவன் நான். பழையதைக் கண்டால் கை தானாகவே ஒதுக்கும். இந்தக் கைப்பழக்கத்தால் ஒரு மனிதரின் கண்ணை ஐந்து வாரம் பறித்து வைத்திருந்தேன்.

அவர் என் அக்காவின் கணவர். இருபது வருஷத்துக்கு மேல் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டியவர். காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை மேலே ஏற்றிப் போவார், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார். சர்க்கரை நோய் கண்ணில் இறங்கியது. ஒருநாள் ஒரு வளைவில் கைப்பிடிச் சுவரைக் கடைசி நிமிஷத்தில்தான் பார்த்தார். பின்னால் பதினான்கு பெண்கள். அவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு, அன்றைக்கே சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டுப் பஸ்சில் வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகத்தான் விட்டார்.

அதன்பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போய் வருவதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஓட்டம்.

எனக்கு நாற்பது வயதைத் தாண்டியும் கார் பந்தய கேம் பைத்தியம் போகவில்லை. அக்காவும் மச்சானும் கீழ்வீட்டில், நான் மேலே. என் மாடி அறையில் பெரிய டிவி, ஸ்டீயரிங், கால் பெடல் எல்லாம் வைத்திருக்கிறேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வரும்போது ஒருநாள் மச்சானையும் கூட்டி வந்து உட்கார வைத்தேன். புதுப் பாதைகள் ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், அந்த கேமின் முதல் பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்த ஒரு பழைய மலைப்பாதையைப் போட்டேன். சாலை ஒரே சாம்பல். சுவர் ஒரே வெள்ளை. பள்ளம் ஒரே நீலம். மரமெல்லாம் அட்டையில் வெட்டி நட்டதுபோல, ஒரே மரம் திரும்பத் திரும்ப நிற்கும். வண்டி ஒரு பழைய ஜீப்பு, தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி.

மச்சான் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முழுப் பாதையும் ஓட்டினார். எங்கும் இடிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தார். அவர் ஓட்டுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பந்தயத்தில் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஹாரன் அடிப்பார். பின்னால் வரும் வண்டி நெருங்கினால், நாற்காலிக்கு வெளியே வலக்கையை நீட்டி, முந்திப் போகச் சொல்லி வீசுவார்.

"அவன் கம்ப்யூட்டர் மச்சான். நீங்க கை காட்டுறது அவனுக்குத் தெரியாது."

"தெரியாட்டி என்னாப்பு? அவனுக்கு என்ன சோலியோ, வெரசாப் போகட்டும். மலையில மல்லுக்கு நிக்கக் கூடாது."

தினமும் பந்தயத்தில் கடைசியாக வருவார். தினமும் சந்தோஷமாக இறங்கிப் போவார்.

இந்தச் சமயத்தில் கேம் கம்பெனி தன் ஆட்டக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. பழைய, மட்டமான கார்களையும் பாதைகளையும் வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா? நான் சும்மா இருந்திருக்கலாம். நீளமாக எழுதினேன். எங்கள் ஊரில் பழைய காயைப் புதுக் காயோடு கலப்பதில்லை, கலந்தால் எல்லாமே மட்டமாகிவிடும், தயவுதாட்சண்யம் பார்க்காமல் சலித்துக் கொட்டுங்கள் என்று. நூற்றுக்கணக்கானவர்கள் ஆகா என்றார்கள். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். மச்சானின் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரிந்து செய்திருந்தால்கூட ஒரு கணக்கு இருந்திருக்கும்.

அப்டேட் வந்தது. தீப்பெட்டி ஜீப்பு போய்விட்டது. மலைப்பாதையைப் புதிதாக வரைந்திருந்தார்கள். மூடுபனி, ஈரச் சாலை, கண்ணாடியில் அடிக்கும் வெயில், சாலை முழுக்க ஆடும் இலை நிழல். நிஜ மலை தோற்றது. நானே கீழே போய் மச்சானின் கையைப் பிடித்து ஏற்றி வந்தேன்.

முதல் வளைவிலேயே இடித்தார். திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். மறுபடி இடித்தார்.

"மாப்ளே, ரோடு எங்க?"

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சாம்பல் இல்லை, வெள்ளை இல்லை, எல்லாம் நிழலும் பளபளப்புமாகக் குழம்பிக் கிடந்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு எழுந்தார்.

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுச்சு. மிச்சம் இருந்ததும் போயிருச்சு போல."

படம்தான் மாறியிருக்கிறது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஏன் மாறியது என்று அடுத்த கேள்வி வருமே என்று பயந்து, அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கினேன். என் தப்பைச் சர்க்கரையின் தலையில் போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் கெடுத்தது அடுத்தவரை.

மறுநாள் முதல் அவர் மாடிக்கு வரவில்லை. டீக்கடைக்கும் போகவில்லை. அக்கா அவரை மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினாள். பார்வை முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது என்றார் டாக்டர். மச்சான் நம்பவில்லை. மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பாத்ரூமுக்குக்கூட அக்காவின் தோளைப் பிடித்துப் போகத் தொடங்கினார். நான் தினமும் பார்த்துவிட்டுத் தினமும் கடைக்குப் போனேன்.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுத் தட்டில் அவர் கையைப் பிடித்து, "இது பொரியல், இது ரசஞ்சோறு" என்று அக்கா தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. போனை எடுத்து, நான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பழைய காய், புதுக் காய், சலித்துக் கொட்டுவது, எல்லாவற்றையும்.

"படம்தான் மச்சான் மாறிருச்சு. உங்க கண்ணு மாறல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் மேலிருந்து இறங்கவில்லை.

மச்சான் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"அப்ப எங்கண்ணு இருக்குதா?"

"இருக்கு மச்சான்."

"அப்படியேதேன் இருக்குதா?"

"அப்படியே இருக்கு."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வாசலில் காலால் துழாவிச் செருப்பை மாட்டினார். "அந்த ஜீப்பையும் தூக்கிட்டாய்ங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கி, டீக்கடையைப் பார்த்துத் தனியாக நடந்தார். சுவரோரமாக, மெதுவாக.

விழுந்துவிடுவாரோ என்று பத்தடி பின்னால் சத்தமில்லாமல் போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலக்கையை வெளியே நீட்டி வீசினார்.

"முந்திப் போ மாப்ளே. உனக்குச் சோலி கிடக்கும்."

முந்திப் போக எனக்குக் கால் வரவில்லை.