மணி அடிக்காத புகார்ச் சீட்டு

நோண்டி என்று அவனுக்குப் பெயர் வந்தது நாலு வயதில். வீட்டில் இருந்த ஒரே கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டிவிட்டு, மிச்சமான இரண்டு திருகாணிகளைக் காட்டி, "இது வேண்டாத திருகாணி" என்றான். கடிகாரம் அதற்கப்புறம் ஓடவில்லை. அவன் அம்மாவோடு பிறந்தது நாலு பெண்கள். பெரியம்மா இருவரும் சித்தி இருவரும் சாகும்வரை அவனை நோண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கைவேலை கெட்டிக்காரன்தான். தப்பு என்மேல் என்ற வார்த்தை மட்டும் அவன் வாயில் வந்ததே கிடையாது.

வளர்ந்து, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆளாகச் சேர்ந்தான். பெண்டாட்டியின் தம்பியையும் அங்கேயே மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டான். மச்சான் வாயில்லாப் பூச்சி; வேலையில் புலி.

கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து எழுதவும் பேசவும் ஒரு சாப்ட்வேர் இருந்தது. எங்கே லிஃப்ட் நின்றாலும், போன் எடுக்கும் அக்கா அதில் ஒரு புகார்ச் சீட்டு எழுதுவாள். எழுதிய கையோடு மெக்கானிக்குக்குப் போனும் போடுவாள். அந்தப் போன் எதற்கு, சீட்டு விழுந்ததும் தானாக மெக்கானிக் போனில் மணி அடிக்கட்டுமே என்று நோண்டி ப்ளகின் என்கிற ஒரு குட்டி நிரலை எழுதி அதில் ஒட்டினான். சாப்ட்வேருக்குள் எது நடந்தாலும் அது ஒரு குரல் கொடுக்கும். ப்ளகின் காதைத் தீட்டிக்கொண்டு இருந்து, 'புதுச் சீட்டு' என்ற குரல் கேட்டால் மணி அடிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

ஒரு மாதம் ஓடியது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். தட்டியது தோளில், ஏறியது தலையில்.

"அக்கா, இனிமே யாருக்கும் போன் பண்ணாதீங்க. எல்லாத்தையும் அது பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த வாரமே வந்தது வினை. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், நோயாளிப் புருஷனோடு ஒரு வயதான அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் யாரும் போகவில்லை. அன்றைக்கு முறை மச்சானுடையது.

"எனக்கு எதுவும் வரல சார்" என்றான் மச்சான், எல்லோர் முன்னாலும்.

"வராம இருக்க வழியே இல்ல சார்" என்றான் நோண்டி. "போனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கியிருப்பான்."

மச்சான் அவனைப் பார்த்தான். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று மேனேஜர் அவனை அனுப்பிவிட்டார்.

வீட்டில் பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள். "என் தம்பி தூங்கினதை நீங்க பாத்தீங்களா?"

"மிஷின் பொய் சொல்லாதுடி."

"மிஷின் சொல்லாது, சரி. அதை எழுதின ஆளு?"

அந்தச் சொல்லுக்காகவே, தன் பக்கம் சுத்தம் என்று காட்ட மறுநாள் சோதிக்க உட்கார்ந்தான். புதுச் சீட்டு எழுதினான், மணி அடித்தது. பத்துச் சீட்டு எழுதினான், பத்து மணி. மற்ற ப்ளகின்களை ஒவ்வொன்றாக அணைத்தான், சர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்பினான், வேறு போனில் பார்த்தான். அடித்தது, அடித்தது, அடித்தது. கூடம்தான் கோணல் என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. ஒப்புக்குக் கடைசியாக அக்காவிடம் போனான்.

"அக்கா, அன்னைக்கு எப்படி எழுதினீங்களோ அதே மாதிரி ஒரு தடவை எழுதுங்க."

அக்கா அதே கட்டடத்தின் பழைய சீட்டு ஒன்றைத் திறந்தாள். தேதியையும் கோளாறையும் அழித்துப் புதிதாக எழுதினாள். அழுத்தினாள். அவன் கையில் போன் ஊமையாக இருந்தது.

"என்னக்கா, பழைய சீட்டுல எழுதுறீங்க?"

"நீதானேப்பா சொன்னே! அட்ரஸு, வாட்ச்மேன் நம்பரு எல்லாம் ஒவ்வொரு தடவையும் அடிக்கணுமா, பழசையே திருத்திக்கட்டுமான்னு கேட்டேன். 'திருத்திக்கோங்கக்கா'ன்னியே."

சொல்லியிருந்தான். தலையை நிமிர்த்தாமல் சொல்லியிருந்தான். பதிவேட்டைத் திறந்து பார்த்தான். இப்போது எழுதியதைத் தவிர்த்து, 'சீட்டு திருத்தப்பட்டது' என்று சாப்ட்வேர் பதினாலு முறை குரல் கொடுத்திருந்தது. அந்தக் குரலுக்குக் காதுகொடுக்க ப்ளகினுக்கு அவன் சொல்லித்தரவே இல்லை. முதல் பதின்மூன்று முறையும் அக்காவின் போன் காப்பாற்றியிருக்கிறது. அதையும் நிறுத்தச் சொன்னவன் அவனேதான்.

சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. சேர்த்தான். மணி அடித்தது. காரணம் என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை. "சின்ன அப்டேட் சார்" என்று மேனேஜரிடம் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். உடம்பெல்லாம் கூசியது. வெந்நீரில் குளித்தும் போகவில்லை.

அங்கே மச்சான் வந்து தன் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு போட்டார்கள்.

"யோசிச்சுப் பாத்தேன்க்கா. அசந்துட்டேன் போல" என்றான் மச்சான். "அந்தம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்." பிறகு இவன் பக்கம் திரும்பினான். "வேலைக்குச் சேத்துவிட்ட உங்க பேரையும் கெடுத்துட்டேன் மாமா."

நோண்டி தட்டைத் தள்ளிவைத்தான். செய்யாத குற்றத்தை ஒருவன் தானாகத் தேடி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறான்.

"நீ தூங்கலடா" என்றான். "மணியே அடிக்கல. தப்பு என்னுது. காலையிலயே தெரியும் எனக்கு."

பெண்டாட்டி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். 'காலையிலயே' என்பதுதான் அவளைச் சுட்டது. தம்பிக்கு மட்டும் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மறுநாள் எல்லோரும் படிக்கும் பக்கத்தில் நடந்தது முழுவதையும் எழுதிப் போட்டான். மேனேஜர் படித்துவிட்டு, "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். மச்சானை அன்றைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மச்சான் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் மணி அடித்த உடனே நோண்டியைக் கூப்பிடுவான்: "மாமா, ஏழே முக்காலுக்கு ஒண்ணு வந்துச்சு. கெளம்பிட்டேன், எழுதி வச்சுக்கோங்க." அதில் குத்தல் இல்லை, கேலி இல்லை. பயம்தான் இருந்தது. 'வேண்டாம்டா' என்று சொல்ல நோண்டிக்கு வாய் வருவதில்லை. "சரிடா" என்பான். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றுதான் சொல்வான்.