மூன்று மணிக்குக் கறுப்புத் திரை

குவைத்தில் வேலை செய்யும் மகளை மூன்று வருடங்களுக்குப் பிறகு வீடியோவில் பார்க்க, மாரியம்மாக்கா இன்று மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறியிருந்தார். நேரம் நான்கு மணி, இடம் பதுளையில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர்.

மூன்று மணிக்குப் பார்த்தால், கேமரா உள்ள ஒரே கணினியின் திரை கறுப்பு.

நேற்றுத்தான் அந்த லினக்ஸ் கணினிக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் பிழை என்று முடிவு கட்டி, பக்கத்துக் கணினி வழியாக நுழைந்து அதை இரண்டு முறை அழித்து மறுபடி போட்டேன்.

கூட்டித் துடைக்கும் செல்வியக்கா, “சேர்...” என்றார்.

“கொஞ்சம் இருங்கக்கா.”

மூன்றாம் தடவை அவர் விடவில்லை. “மத்தியானம் இடி இடிச்சிச்சில்ல சேர்? எல்லா ஒயரையும் கழட்டிட்டு நாந்தான் திரும்ப சொருகினேன். இதுக்கு ஒரே மாதிரி ரெண்டு ஓட்டை இருந்திச்சு.”

இடி கேட்டால் கழற்றச் சொன்னவனே நான்தான். திரையின் ஒயர் புதுக் கார்டில் இல்லாமல் பழைய ஓட்டையில் இருந்தது; கார்டுக்கு மாற்றினேன். படம் வந்தது.

நான்கு மணி. “ஏம்மா இப்புடி மெலிஞ்சிட்ட?” என்றாள் மகள். மாரியம்மாக்கா திரையில் தெரிந்த முகத்தைக் கையால் தடவினார்.

அப்போது நமுனுகுல மலைப் பக்கம் இடி முழங்கியது.

செல்வியக்கா பிளக்கில் கை வைத்தார். “கழட்டவா சேர்?”

எனக்கு எந்த இடியும் கேட்கவில்லை. திட்டுகிறவர்கள் கீழே கமெண்டில் திட்டலாம்.