அக்காவின் ஆறு அத்தியாயங்கள்

எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. அன்னைக்கு எங்க அக்கா பட்ட பாட்டுக்கெல்லாம் அதுதான் காரணம்.

எண்பதுகளோட கடைசி. தேனியில டைப்பிங் கடையை எடுத்துட்டு கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தேன். செகண்ட் ஹேண்டுல வாங்குன ஒரே ஒரு மெஷின். அக்கா, திராட்சைக்கு வர்ற அடிச்சாம்பல் நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்துச்சு. சுருளிப்பட்டித் தோட்டங்கள்ல நாலு வருசம் அலைஞ்சு எழுதுன ஆறு அத்தியாயத்தையும் என் கடையில உக்காந்து அதுவே அடிச்சு முடிச்சது. நான் சும்மா இருந்திருக்கலாம். "இனிமே இந்த நோட்டெல்லாம் எதுக்குக்கா? அதான் மெஷின்ல இருக்குல்ல"ன்னேன். என்னைய நம்பி அத்தனையையும் எடைக்குப் போட்டுருச்சு.

ஆயுத பூசை முடிஞ்ச மூணாம் நாள் மெஷினோட திரை நடுங்க ஆரம்பிச்சது. அதோட பிரிண்டர் ஏற்கனவே படுத்திருச்சு. புதுசா வாங்கி இறக்குன மெஷினுக்கு நல்ல பிரிண்டர் இருக்கு, ஆனா பழசோட பிளாப்பி அதுல ஓடாது. ரெண்டும் வேற வேற ரகம். இன்னும் ரெண்டு நாள்ல மதுரையில ஆய்வேட்டைக் கொடுக்கணும்.

ஒரே வழி, ரெண்டு மெஷினையும் கேபிள் போட்டுச் சேக்கிறது. பழசு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லும், புதுசு கேட்டு எழுதிக்கிடும். இதோட வாய் அதோட காதுக்குப் போகணுமேன்னு ரெண்டாம் கம்பியையும் மூணாம் கம்பியையும் மாத்தி ஈயம் உருக்கிப் பத்தவச்சேன். ரெண்டுலயும் ஒரே வேகம் வச்சேன். ஒண்ணும் வரல. வேகத்தைக் குறைச்சேன். ம்ஹூம். திரும்பப் பத்தவச்சேன். விரல் சுட்டதுகூட அப்புறந்தான் தெரிஞ்சது. பயம்னா அப்படி ஒரு பயம்.

அக்கா வீட்டுக்காரர், அதான் எங்க மச்சான், பக்கத்துல நின்னுக்கிட்டு, "மாப்ள, பூசையெல்லாம் நல்லாத்தானே போட்டோம்?"ன்னாக.

"நாம எங்க போட்டோம்? நீங்கதான போட்டீக."

"ஆமா. முன்னால, பின்னால, ஒரு இடம் விடாம சந்தனம் வச்சேனே!"

பின்னாலயா! பழைய மெஷின் சுவரை ஒட்டி இருந்ததால நான் கேபிளைத் தடவித்தான் சொருகியிருந்தேன். இழுத்துப் பிடிச்சு டார்ச் அடிச்சா, சொருகுற ஓட்டையெல்லாம் காஞ்ச சந்தனம். மேல குங்குமம் வேற! "அடப்பாவி மச்சான், அது என்ன நெத்தியா?"ன்னு கத்திட்டேன். மூத்தவகளை அப்படிப் பேசக் கூடாதுதான். பாவம், அவுக முகம் செத்துப்போச்சு.

மெஷினை அணைச்சேன். அக்கா சேலையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிக் கொடுத்துச்சு. ஒவ்வொரு ஓட்டையா நோண்டி எடுத்தேன். திரை வருமோ வராதோன்னு நெனைச்சுக்கிட்டே திரும்ப சுவிட்சைப் போட்டேன். வந்துச்சு. புது மெஷின்ல முதல் வரி ஓடுனதும் மச்சான் கையைத் தட்டுனாக. அக்கா அசையல. ஒண்ணு, ரெண்டுன்னு அஞ்சு அத்தியாயம் வந்து சேந்திருச்சு. ஆறாவதுல நாலு வரி வந்திருக்கும், பழசுல டப்புன்னு ஒரு சத்தம். கருகுன வாடை. திரை இருண்டு போச்சு.

அதே மாதிரி மெஷின் வேணும்னா மெட்ராசுக்குத்தான் போகணும். ரெண்டு நாள்ல ஆகுற காரியமா? "அக்கா"ன்னேன். அழுகை வந்திருச்சு.

"எந்திரி"ன்னுச்சு. என் நாற்காலியில உக்காந்து ஆறாவது அத்தியாயத்தை ஞாபகத்துல இருந்தே அடிக்க ஆரம்பிச்சது. திட்டல. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலை. அடிச்சு முடிச்சு, சொன்ன நாள்ல மதுரையில கொடுத்தும் ஆச்சு, பட்டமும் வந்துச்சு. ஆனா அன்னைக்கு ஒரு பக்கம் முடிஞ்சதும் கையை நிறுத்திட்டு என்னையப் பார்த்துச்சு.

"பதிவாயிருச்சா?"

"ஆயிருச்சுக்கா."

"காட்டு."

அதுவரைக்கும் எங்க அக்கா எங்கிட்ட அப்படிக் கேட்டதே இல்ல.