கை நனைக்கக் கூடாது என்ற விதி

கேள்வி கேட்பதில் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களை மிஞ்ச ஒருவரும் இல்லை. சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போட்டு, முகம் மலரச் சிரித்துக்கொண்டே நம் வயிற்றில் இருப்பதை வெளியே எடுத்துவிடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குப் பிழைப்பு.

பல தேசத்தார் சேர்ந்து நடத்திய நிவாரண சங்கம் அது. கடலுக்கு அப்பால் ஒரு குளிர்நாட்டில் வெள்ளம் வந்து ஊர்களை அடித்துக்கொண்டு போயிருந்தது. வீடிழந்தவர்களுக்குப் பஞ்சுப் போர்வை தைத்து அனுப்ப வேண்டும். பஞ்சுக்கு எங்கள் சீமையை விட்டால் வேறு எங்கே போவது? அதற்கென்றே சங்கத்தின் துரைசானி ஒருவர் கோயமுத்தூரில் வந்து தங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த நான் அவர் பேசுவதைத் தமிழில் சொல்லும் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் அம்மா சொல்வாள். அந்த வாய்க்குச் சம்பளமும் கிடைத்ததில் எனக்கு ஒரே குஷி.

ஊருக்கு ஊர் அதே கேள்விகள்தான்.

“ஏனுங்க, நம்மூருல கஷ்டப்படறவங்க இல்லாமத்தான் அக்கரைக்கு அனுப்பறீங்களா?”

“இங்க வெள்ளம் வந்தா அவங்க நமக்கு அனுப்புவாங்கங்க.”

“நாங்க குடுக்கற பஞ்சு நடுவழியில ஆராச்சும் தலவாணி தெச்சுக்கிட்டா?”

“மூட்டைக்கு முத்திரை வெச்சு அனுப்பறமுங்க. அங்க ஒரு கமிட்டி நின்னு பிரிக்குதுங்க.”

“என்ற பஞ்சு எந்தப் புள்ளைக்குப் போவுதுன்னு பேரு சொல்லுவீங்களா?”

“பேரு சொன்னா உங்க வாயில நொழையாதுங்க!”

கூட்டம் சிரிக்கும். என்ன சிரிக்கிறார்கள் என்று துரைசானி கேட்பார். நான் பாதியைத்தான் சொல்வேன்.

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. பஞ்சு கொடுப்பவர் வீட்டில் நாங்கள் சாப்பிடக் கூடாது. தருமப் பஞ்சை வாங்க வந்தவர்கள் தின்று கொழுக்கிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். துரைசானிக்கு அது நாணயம். எனக்கு அது பெரிய நிம்மதி. கிணத்துக்கடவுப் பக்கம் பண்ணையத்தில் பாடுபட்ட குடும்பம் எங்களுடையது. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, நான் படித்து, செருப்புப் போட்டு நடந்த பிறகும், நிலத்துக்காரப் பண்ணாடி வீட்டு வாசலில் என் அம்மாவுக்குக் கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர் ஊற்றினார்கள். துரைசானிக்கு ஒரு இடத்திலும் எனக்கு வேறிடத்திலும் இலை விழுவதை நான் பார்க்க வேண்டாம். அந்த விதியை நான் தினமும் மனதுக்குள் கும்பிட்டேன்.

அப்படியிருக்க அன்னூருக்குப் போனோம். அங்கே ஒரு விதவை அம்மா தானே நின்று பண்ணையம் பார்த்தார். அவர் கொடுத்தால் கருமத்தம்பட்டி வரைக்கும் கொடுப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் நாங்கள் வெறும் வண்டியோடு திரும்ப வேண்டியதுதான். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஞ்சு குவிந்துகிடந்த சாளைக் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாக் கேள்வியையும் கேட்டார்.

“பஞ்சக் குடுத்துப்போட்டு அவங்கள வேதத்துல சேரச் சொல்லுவீங்களா?”

“இல்லீங்கம்மா.”

“இன்ன சாதிக்கு, இன்ன சனத்துக்குன்னு பாத்துக் குடுப்பீங்களா?”

“குளிருக்கு அதெல்லாந் தெரியாதுங்கம்மா. அல்லாருக்கும் ஒரே வரிசைதானுங்க.”

அவர் முகம் தெளிந்தது. “சரி, மொதல்ல சாப்புடுங்க. சந்தகை புழிஞ்சு வெச்சிருக்குது” என்றார்.

சந்தகை என்றால் சும்மா இல்லை. இடியாப்பம் மாதிரிதான், ஆனால் வெந்த மாவை மர அச்சில் வைத்து ஆள் தொங்கிப் பிழிய வேண்டும். அதன் மேல் தேங்காய்ப்பாலும் வெல்லமும். வேண்டிய விருந்தாளிக்குத்தான் அந்தப் பாடு படுவார்கள். நான் விதியைச் சொன்னேன். அவ்வளவுதான், அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“எங்கூட்டுல கை நனைக்காதவங்களுக்கு எங்கூட்டுப் பஞ்சு மட்டும் எதுக்கு? எடுங்க வண்டிய!”

என்ன நடக்கிறது என்று துரைசானி கேட்டார். விளக்கினேன். “அவ்வளவுதானா? சாப்பிடுவோம். அந்த விதியை எழுதியதே நான்தான்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பாவி மனுஷி!

பண்ணையத்துப் பெண் ஒருத்தி இலைகளோடு வந்தாள். ஒன்றைத் துரைசானிக்காக வீட்டுக்குள்ளே ஆசாரக் கூடத்தில் போட்டாள். இன்னொன்றை வெளியே வேப்பமரத்தடியில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். துரைசானியோடு வரும் வேதக்காரப் பெண் என்ன சாதி என்பது எங்களுக்கு முன்பே ஊருக்குள் போய்விடும். அவள் மேல் தப்பில்லை, வழக்கம் அது. பேசாமல் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே.

“ஏனுங்கம்மா, ஊரு பூரா எங்களையே கேள்வி கேக்குது. நா ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளு.”

“உங்க பஞ்சு அங்க அல்லாரு மேலயும் ஒண்ணாத்தான் கெடக்கும். அது உங்களுக்குச் சம்மதமுங்களா?”

“சம்மதமில்லாமயா குடுக்கறேன்னு சொன்னேன்?”

“அப்ப இங்க மட்டும் எல எதுக்குங்க ரண்டு எடத்துல?”

இலை போட்ட பெண் வாயைப் பிளந்து நின்றாள். அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். பஞ்சு போச்சு, வேலையும் போச்சு, அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் இன்னொரு இலை இருந்தது. நேராக வேப்பமரத்தடிக்குப் போய், என் இலைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “மாட்டுத் தொட்டிய அக்கட்டால நவுத்துங்க. அந்தத் தொரசானியையும் இங்கயே வரச் சொல்லு அம்மணி, ஆறிப்போவுது” என்றார்.

என்னை உள்ளே கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை. தானே வெளியே வர மனசு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது. துரைசானி வெல்லப்பாலை முழங்கை வரை வழியவிட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்த்து அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வண்டி கொள்ளாமல் பஞ்சு ஏற்றினோம். வழியெல்லாம் நான் பாடிக்கொண்டே வந்தேன், மாடே மிரண்டது.

அடுத்து கருமத்தம்பட்டிக்குப் போனோம். ஒரு பெரிய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். கேள்விகளுக்கு நான் தொண்டையைக் கனைத்துத் தயாராகிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏனுங், அன்னூரம்மா சொல்லி உட்டாங்க. உங்க ரண்டு பேருத்துக்கும் ஒரே எடத்துல எல போட்டாத்தான் பஞ்சு எடுப்பீங்களாமா?”

அப்படி ஒரு விதியை எங்கள் சங்கம் எழுதவே இல்லை. நான் துரைசானியிடம் கேட்கக்கூட இல்லை.

“ஆமாங்க” என்றேன்.