மொட்டையான எலுமிச்சை

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் அவளுக்கு இலைக்காரி என்று பெயர். புழுக்கள் தின்னும் செடிகளை வளர்ப்பது, இலை பறித்துப் போடுவது, கூண்டு கழுவுவது எல்லாம் அவள் வேலை. எருக்கம்புழு எருக்கைத்தான் தின்னும். எலுமிச்சைப் புழுவோ வேறு இலையைப் போட்டால் வாய் வைக்காமல் பட்டினி கிடந்தே சாகும். "மாப்பிள்ளை முறுக்கு" என்று அவள் கணவன் கேலி செய்வான்.

அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின் அவள் வேலைக்குத் திரும்பினாள். அழவில்லை. அழுகை வராததற்கு வெட்கம்கூட வரவில்லை. எழுந்தாள், பல் துலக்கினாள், பேருந்து ஏறினாள். கைகால்கள் தம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் காலை கூண்டைத் திறந்தால், எலுமிச்சைப் புழுக்களில் பாதிக்குமேல் கறுத்துச் சுருண்டு கிடந்தன. முந்தின நாள் வெளியிலிருந்து வாங்கிய கன்றுகளில் யாரோ பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். செத்தவற்றை வாளியில் வாரிக் கொட்டினாள்.

"நம்ம பழைய செடியில ஒரு இலை இல்ல. மிஞ்சின புழுவுக்கு என்னத்தப் போடுறது?" என்றார் மேற்பார்வையாளர்.

"எங்க வீட்டு மாடியில ஒண்ணு இருக்கு சார். மருந்தே காட்டினதில்ல."

அது கணவன் தொட்டியில் வளர்த்த செடி. மதியம் வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அண்ணி, இது அண்ணன் கையால வச்சது."

"புழு காலையிலேருந்து பட்டினி."

"உங்களுக்கு மனசே இல்லையா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நியாயமான கேள்விதான்.

"தெரியலம்மா. கொஞ்சம் அந்தப் பையைப் பிடி."

நாத்தனார் அழுதுகொண்டே பிடித்தாள். கிளை கிளையாக உள்ளே விழுந்தது. முள் கிழித்து மணிக்கட்டில் ரத்தம் கசிந்தபோது, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். கடைசியில் தொட்டியில் வெறும் குச்சி நின்றது.

மிஞ்சிய புழுக்கள் பிழைத்துக்கொண்டன. தின்று கொழுத்தன, பிறகு கூட்டுப்புழுவாகிக் குச்சிகளில் ஒட்டிக்கொண்டன. நாத்தனார் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளுக்கு அது உறைக்கவும் இல்லை.

முதல் பூச்சி வெளியே வந்து சிறகு விரித்த அன்று மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? உன் வீட்டு இலை."

"நல்லாருக்கு சார்" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த கூண்டைக் கழுவப் போனாள்.