துடுப்பு என் கைக்கு வந்தபோது

எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம் இருக்கும். தர்மபுரியில் துணிக்கடை வைத்திருந்த என் கணவர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனார். அருவியில் குளித்து, மீன் வறுவல் தின்று, அன்றே பஸ் ஏறுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் ஆற்றோரத்துக் காட்டு பங்களாவில் மூன்று நாள் தங்கினோம்.

பங்களா வாட்சர் ஒரு பரிசல்காரரை ஏற்பாடு செய்திருந்தார். முப்பது வயதிருக்கும். அருவிக்கு வெகுதூரம் மேலே, ஆறு அகன்று அமைதியாக ஓடும் இடத்துக்கு எங்களைத் தினமும் கூட்டிப் போவார். பாறையில் வாய் பிளந்து கிடக்கும் முதலை, கும்பலாக மீன் பிடிக்கும் நீர்நாய்கள் என்று அவர் விரல் நீட்டும் இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்று அசையும். இரண்டாம் நாள் ஆசைப்பட்டுத் துடுப்பை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பரிசல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, யானை தண்ணீருக்கு இறங்கும் துறையைப் பார்க்கப் போனோம். போகும் வழியில் பரிசல் மணல்திட்டில் தட்டி நின்றது. பரிசல்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளினார். பரிசல் விடுபட்டு நகர்ந்தது, அவர் நகரவில்லை. தண்ணீருக்கடியில் இருந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே அவர் கால் மாட்டிக்கொண்டது. நாங்கள் மெல்ல அவரை விட்டு விலகி மிதந்தோம்.

அதே நேரம் எதிர்க்கரைப் புதர் விலகியது. முதலில் ஒரு யானைக்குட்டி ஓடி வந்து தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே தாய். எங்களைப் பார்த்ததும் காதை விரித்து நின்றது.

பதறிப்போன என் கணவர் எழுந்தார். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"எந்திரிக்காதீங்க! கவுந்துரும்!" பரிசல்காரர் அடங்கிய குரலில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, துடுப்பு உங்க பக்கம்தான் கெடக்குது. எடுங்க."

"எனக்கு வராதுங்க. நேத்துப் பாத்தீங்கல்ல?"

"நேத்து சைடுல போட்டீங்க, அதான் சுத்துச்சு. மின்னாடி போட்டு உங்களப் பாத்து இழுங்க. சத்தம் மட்டும் வேணாம்."

தாய் யானை தண்ணீரில் கால் வைத்தது. பிஸ்மில்லா சொல்லித் துடுப்பை முன்னால் போட்டு இழுத்தேன். பரிசல் அரைச்சுற்று சுற்றியது. மறுபடி போட்டேன். இந்த முறை ஒரு முழம் முன்னேறியது. அதன்பின் யானையை நான் பார்க்கவே இல்லை. தண்ணீரையும் பரிசல்காரர் முகத்தையும் மட்டும் பார்த்து இழுத்தேன். விளிம்பு அவர் கைக்கு எட்டியது. அதைப் பிடித்து அவர் எம்ப, என் கணவர் உட்கார்ந்தபடியே அவர் தோளைப் பற்றி இழுத்தார். நகம் பெயர்ந்து ரத்தம் ஒழுகக் கால் வெளியே வந்தது.

உள்ளே ஏறி விழுந்தவரிடம் துடுப்பை நீட்டினேன். வாங்கவில்லை. "நல்லாத்தான் போவுது. அந்தப் பாறைக்குப் பின்னால வுடுங்க" என்றார், காலைப் பிடித்துக்கொண்டு. பாறை மறைவுக்குள் போகும்போது ஆறே அதிரும்படி ஒரு பிளிறல் கேட்டது. எட்டிப் பார்த்தோம். குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு தாய் கரையேறிவிட்டது.

என் கணவர் தன் துண்டைக் கிழித்து அவர் காலுக்குக் கட்டுப் போட்டார். கட்டி முடித்ததும், "திரும்பிப் பரிசல் துறை வரைக்கும் நீயே ஓட்டு" என்றார் என்னிடம். ஓட்டினேன். இரண்டு முறை சுற்றியது, யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு தெரியாத வேலைகள் எத்தனையோ என் தலையில் விழுந்திருக்கின்றன. பயம் போகட்டும் என்று நான் எதற்கும் காத்திருந்ததில்லை. கை வேலையைத் தொடங்கிவிட்டால் பயம் தானாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும் என்பதை, அந்த மாலையில் காவிரி நடுவில் கண்ணால் கண்டவள் நான்.