கூகை அலறியது யாருக்காக?

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், கோவை கணபதியிலுள்ள எங்கள் வீட்டில் நிகழ்ந்தது இது. வீட்டின் பின்புறம் இரண்டு லேத்துகள் கொண்ட சிறு பட்டறை நடத்தி வருகிறேன். அவ்வாண்டு என் துணைவியாருக்கு இருதய அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். எங்கள் வழக்கப்படி கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொதிந்து அம்மன் முன் வைத்து, ஒரு பொதியை எடுத்துப் பார்ப்பது வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு என்று பொருள். வெள்ளையே வந்தது. துணைவியாரும் மனநிறைவோடு இசைந்தார்.

மறுநாள் அந்தியில், பட்டறைக் கூரையிலிருந்து, வெண்முக ஆந்தையான கூகை ஒன்று அலறியது. பழந்துணியைக் கிழிப்பது போன்ற குரல். பக்கத்து வீட்டு அம்மையார் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, சாக்குருவி கத்துதுங்களே! ஊட்டுல நோவாளிய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கறீங்களே!"

அவ்வளவுதான். என் துணைவியார் மருத்துவமனைக்கென்று கட்டியிருந்த பையைப் பிரித்து, சேலைகளை மீண்டும் அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.

"ஏம்மணி, கோயில்ல வெள்ளப்பூ வந்துதல்ல?" என்றேன்.

"அது நேத்துங்க. இது இன்னைக்குங்க. நானு வர்ல."

எவ்வளவோ எடுத்துரைத்தும் பயனில்லை. என் கோபம் முழுவதும் பறவையின் மேல் திரும்பியது. அது வெளியே பறந்ததைக் கண்டதும் ஏணியில் ஏறி, கூரையடியில் இருந்த பொந்தைத் தகரத்தால் மூடி ஆணி அறைந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் தோன்றவில்லை.

மறுநாள் முற்பகலில் தகரத்துக்குப் பின்னாலிருந்து சீறல் கேட்டது. நாகம் என்றே முடிவு செய்து, லேத்தை நிறுத்திவிட்டு, சரவணம்பட்டியிலிருந்து பாம்பு பிடிப்பவர் ஒருவரை வரவழைத்தேன். அவர் தகரத்தை நெம்பி எடுத்து உள்ளே பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாம்பு மூஞ்சி முழுக்கப் பவுடர் பூசியிருக்குதுங்கய்யா! வந்து பாருங்க."

நான்கு கூகைக் குஞ்சுகள். படிக்கட்டுப் போல ஒன்றைவிட ஒன்று சிறியது. முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை என்றும், பசித்தால் குஞ்சுகள் இவ்வாறுதான் சீறும் என்றும் அவர் விளக்கினார். கடைக்குட்டி தலையைத் தூக்கவும் இயலாமல் கிடந்தது.

"ராத்திரியெல்லாம் பட்டினி போட்டுட்டீங்க. தாய் வந்தாப் பொழைக்கும். வராட்டிச் சொல்ல முடியாதுங்க."

என் தலை தானாகவே கவிழ்ந்தது. அவர் தம் கைப்பேசியில் எடுத்த படத்தை என் துணைவியாரிடம் காட்டினார். அதைப் பார்த்ததும் துணைவியார் என் பக்கம் திரும்பினார்.

"இதுகளுக்காகத்தான் கத்துச்சாட்ட இருக்குது. நான் எனக்குன்னு நெனச்சுப்போட்டேன். நீங்க அதுக்கு மேல போயி ஆணி அடிச்சுப்போட்டீங்க!"

அன்று அந்தியில் நானும் துணைவியாரும் பட்டறையிலிருந்து சற்றுத் தள்ளி நாற்காலியிட்டு அமர்ந்தோம். விளக்கேற்றும் நேரமும் கடந்தது, ஒன்றும் வரவில்லை. அவர் என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தார். திடீரென வெண்மையாய் ஒன்று, சிறகோசை சிறிதுமின்றி, எங்கள் தலைக்கு மேல் கடந்து பொந்துக்குள் புகுந்தது. அதன் காலில் ஓர் எலி. உள்ளே எழுந்த சீறல், எங்கள் செவிக்கு அன்று மங்கல ஓசையாகவே இருந்தது.

மறுநாள் பாம்பு பிடிப்பவர் மீண்டும் ஏறிப் பார்த்து, கடைக்குட்டியும் தலை தூக்கி நிற்பதாகக் கூறினார். அதைக் கேட்டவுடன் துணைவியார் அலமாரியைத் திறந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எப்பங்க போகோணும்? நான் வாரதுக்குள்ள மறுபடி ஏணிய எடுத்துராதீங்க!"

சிகிச்சை நலமாக முடிந்தது. குஞ்சுகள் நான்கும் சித்திரையில் பறந்து சென்றன. இப்போதும் சில அந்திகளில் அக்குரல் கேட்பதுண்டு. "எலி கெடச்சிருக்கும்" என்கிறார் அவர். அறியாமையால் நான் அடைத்துவைத்த நான்கு உயிர்களும் பிழைத்தது, என் தகுதிக்கு மீறிக் கிடைத்த மன்னிப்பு என்றே இன்றளவும் கருதுகிறேன்.